தின்றது போக மிஞ்சுவதில் விளையாட்டு

பள்ளி மூடிய முதல் வாரம் எப்படியோ ஓடிவிடும். நேரம் கழித்து எழுந்திருப்பது, டிவி, அத்தை வீட்டுக்கு ஒரு நடை என்று நாள் போகும். இரண்டாவது வாரத்தில்தான் "அம்மா, போர் அடிக்குது" தொடங்கும். அது தொடங்கிய அரை மணி நேரத்தில் "பசிக்குது" வந்து சேரும். இந்த இரண்டையும் தனித்தனியாகச் சமாளிக்கப் போனால்தான் கை கடிக்கும்: ஒன்றுக்குக் கோடைப் பயிற்சி வகுப்பு, மற்றொன்றுக்குப் பாக்கெட் சிப்ஸ். இரண்டையும் ஒரே வேலையாக ஆக்கிவிடுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம். தின்பண்டம் செய்வது பாதி விளையாட்டு. தின்ற பிறகு மிஞ்சும் கூடும் கொட்டையும் சிரட்டையும் மீதி விளையாட்டுக்குச் சாமான். நம் வீடுகளில் கோடைக்காலம் இப்படித்தான் நடந்தது. அதற்காகத் தனியாகக் காசு ஒதுக்கியவர்கள் யாரும் இல்லை.

முதலில் வெயிலை மனதில் வையுங்கள். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் மே 28 வாக்கில்தான் விடும். அந்த நாட்களில் வெளிவேலை எல்லாம் காலை ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும். பதினொன்றிலிருந்து நாலு வரை பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஐந்துக்கு மேல் தெரு அவர்களுடையது. இதற்கு மேல் ஒரு கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டாம். விடுமுறையிலும் மணி அடித்துக்கொண்டிருந்தால் அது இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடும்.

நுங்கு

சாலையோரத்தில் நுங்கு வாங்கும்போது சுளையை எடுத்துப் பையில் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். தலையைச் சீவி முழுக்காயாகவே கேட்டு வாங்குங்கள். மூன்று கண்ணுக்குள்ளும் கட்டைவிரலை விட்டு, உள்ளிருக்கும் நீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்க உறிஞ்சித் தின்பதுதான் பிள்ளைகளுக்கு நுங்கு. விரல் சுலபமாக இறங்கினால் இளசு. விரல் நுழையாமல் கெட்டியாக இருந்தால் முற்றிவிட்டது. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம், செரிக்காது.

தின்று முடித்ததும் ஒரே அளவான இரண்டு கூடுகளை எடுத்து வையுங்கள். ஒன்றரை சாண் நீளத்தில் உறுதியான ஒரு குச்சியை இரண்டு முனையும் சீவி, வெட்டிய முகத்தின் நடுவில் ஆளுக்கொரு பக்கமாகச் செருகினால் இரண்டு சக்கரமும் ஓர் அச்சும் ஆயிற்று. நுனி கவட்டையாகப் பிரியும் நீளக் கம்பு ஒன்றை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். குச்சி நடுவில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அதை நீங்கள் திருத்தித் தராதீர்கள். ஏன் இழுக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துக் குச்சியைப் பிடுங்கி மறுபடி குத்தும் அந்தக் கால் மணி நேரம்தான் இதில் அருமையானது. கூடு சில நாளில் காய்ந்து சுருங்கிவிடும். அடுத்த முறை நுங்கு வாங்கும்போது புதுச் சக்கரம் வந்துவிடும். பனை நம் மாநில மரம். ஏறுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வரும் மரமும் அதுதான். சீசனில் வாரம் ஒருமுறையாவது நுங்கு வாங்குங்கள்.

புளியங்கொட்டை

கோடையின் தொடக்கத்தில்தான் புதுப் புளி வரும். வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிக் கொட்டை எடுத்து, உப்புத் தூவி, பானையில் அடைத்து வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தால் இந்த வருஷம் கொட்டையோடு இரண்டு கிலோ வாங்குங்கள். கொட்டை எடுத்த புளியைவிட விலையும் குறைவு. பெரியவர்கள் தட்டியோ அரிவாள்மனையில் கீறியோ பிரித்துக் கொடுக்க, நாரையும் கொட்டையையும் பிள்ளைகள் எடுக்கட்டும். கை பிசுபிசுக்கும், இடையிடையே வாய்க்குள் போகும், பல் கூசும். அதெல்லாம் இருக்கட்டும். எடுத்த கொட்டையைக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் கோடை முழுவதற்கும் விளையாட்டுச் சாமான் கையில்.

பல்லாங்குழிக்குப் பலகை வேண்டும் என்பதில்லை. தரையில் சாக்பீஸால் எதிரெதிராக ஏழு ஏழு வட்டம் போட்டால் பதினாலு குழி ஆயிற்று. குழிக்கு ஐந்து கொட்டை, ஆக 70. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து மொத்தத்தையும் அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அதற்கடுத்த குழியை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதி மாறும். பாட்டி இருந்தால் அவர் ஊர் விதிதான் சட்டம். எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணிப் பார்க்கப் பிள்ளை பழகிவிட்டால், மனக்கணக்குக்கு வேறு வகுப்பு தேவையில்லை.

நாலு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்தால் தாயக்கட்டைக்குப் பதிலாகிவிடும். ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், நாலும் வெள்ளை என்றால் நாலு, நாலும் கறுப்பாக விழுந்தால் எட்டு. தேய்ப்பதே ஒரு வேலை. கொட்டை சூடேறி விரலைச் சுடும். சுட்டதும் பக்கத்தில் இருப்பவர் கையில் வைப்பதும், அவர் துள்ளுவதும், வீடே இரைச்சலாவதும் சேர்ந்தே நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடுபுலி ஆட்டம். 3 கல் புலி, 15 கொட்டை ஆடு, கோடு போட ஒரு சாக்பீஸ் துண்டு. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் வெட்ட முடியாது, ஆனால் எல்லாம் சேர்ந்து புலியை நகரவிடாமல் கட்டிவிட்டால் ஜெயித்துவிடும். அண்ணன் தம்பிக்குள் வயது வித்தியாசம் இருந்தால் சின்னவனுக்குப் புலியைக் கொடுங்கள். ஆடு நகர்த்தப் பொறுமை வேண்டும், அது பெரியவனுக்குப் பழகட்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் கொட்டையை எண்ணித்தான் எடுக்க வேண்டும், எண்ணித்தான் டப்பாவில் போட வேண்டும். மூக்கில், காதில் போட்டுக்கொள்வதும் விழுங்குவதும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

வடாம் போடும் காலை

பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்குக் கோடையில் ஒரே ஒரு வேலைதான் உங்களால் முடியும் என்றால் வடாம் போடுங்கள். செலவு குறைவு, ஒரு நாள் முழுக்க வேலை இருக்கிறது, பலன் மழைக்காலம்வரை வருகிறது.

முந்தின இரவே கால் டம்ளர் ஜவ்வரிசியை ஊறப்போடுங்கள். விடிவதற்கு முன் ஐந்து டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஜவ்வரிசியைப் போட்டுக் கண்ணாடிபோல ஆகும்வரை வேகவிடுங்கள். பச்சை மிளகாயையும் உப்பையும் அரைத்துச் சேர்த்து, பெருங்காயமும் சீரகமும் போட்டு, இரண்டு டம்ளர் பச்சரிசி மாவைக் கட்டி தட்டாமல் தூவிக் கிளற வேண்டும். உப்பு நாக்குக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும்; காயக் காய ஏறிவிடும். மாவு பளபளப்பாகத் திரண்டு, ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது. இறக்கிவைத்து எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இதுவரை பெரியவர்கள் வேலை. கொதிக்கும் மாவு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் பிள்ளைகளை அடுப்பருகே விடவேண்டாம்.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மாடிக்குத் தூக்கிப்போங்கள். பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் கல் வையுங்கள். முறுக்கு நாழியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முதல் பிழியில் மாவு வராது. இரண்டு பேர் சேர்ந்து அழுத்தும்போது நாழியின் ஓரத்தில் பிதுங்கும். அப்புறம் திடீரென்று அடியில் வெள்ளை இழைகள் நெளிநெளியாக இறங்கும். வட்டமாகத்தான் பிழிய வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். ஒற்றைக் கண் அச்சை மாட்டிக் கொடுத்தால் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் பிழிவார்கள். 'அ'வும் 'க'வும் வேட்டி நிறையக் காயட்டும். பொரிக்கும்போது யார் எழுத்து யாருக்கு என்று சண்டை வரும், அவ்வளவுதான்.

பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் கூழ் காலைப் பலகாரம். அதற்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தின்ன வேண்டும். வெயில் ஏறியபின் காக்கை காவல். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இடம் இருந்தால் பிள்ளைகள் முறைவைத்துக் காக்கலாம். இல்லாவிட்டால் கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டு உள்ளே வரச்சொல்லுங்கள். மத்தியானம் மேல்புறம் காய்ந்து உள்ளே பசையாக இருக்கும் பதத்தில் ஒன்றிரண்டு காணாமல் போகும். அரைக்காய்ச்சல் வடாத்தின் ருசி அப்படி, அதைக் கணக்கில் சேர்த்தே பிழியுங்கள். சாயங்காலம் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் பிய்யாமல் கழன்று வரும். தட்டுகளில் பரப்பி இன்னும் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, ஒடித்தால் 'டக்' என்று உடையும் பதத்தில் டப்பாவில் அடைக்கலாம். மாடி இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் பால்கனியில் இரண்டு தாம்பாளம் அளவுக்குச் செய்ய முடியும். மாவைக் கொஞ்சம் நீர்க்கக் கிண்டி, கரண்டியால் பிளாஸ்டிக் தாளில் ஊற்றினால் போதும்.

மோர், கடலை, ஐஸ்

ஒரு வாரம் பாலாடையைச் சேர்த்து வையுங்கள். ஒரு கிண்ணம் தேறியதும் ஒரு கரண்டி தயிர் விட்டு இரவு வெளியே வைத்து, காலையில் வாயகன்ற பாட்டிலில் போட்டுப் பாதிவரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். குலுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் 'சளக் சளக்' என்று கேட்கும். பிறகு நுரைத்துக் கெட்டியாகி, உள்ளே ஒன்றும் இல்லாததுபோலச் சத்தம் அடங்கும். இங்கேதான் கை வலிக்கிறது என்று விட்டுவிடுவார்கள். விடாமல் பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி 'தொப் தொப்' என்று கேட்டால் வெண்ணெய் திரண்டுவிட்டது. அதை வழித்தெடுத்தபின் நிற்கும் மோரில் உப்பு, தட்டிய இஞ்சி, கிள்ளிய கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்த்தால் நீர்மோர். பாக்கெட் பாலில் ஆடை குறைவாகத்தான் படியும். நிறைகொழுப்புப் பாலாக இருந்தால் நன்றாக வரும்.

பானகம் இன்னும் எளிது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம். கரைத்து, வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, அரை ஸ்பூன் சுக்குப்பொடியும் இரண்டு ஏலக்காயும் தட்டிப்போட்டால் போதும். பாட்டில் குளிர்பானத்துக்கு அழும் பிள்ளையும் தானே கரைத்த பானகத்தைக் குடித்துவிடும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கரிசல் மண் கடலையின் ருசி வீட்டில் வராவிட்டாலும், கடலைமிட்டாய் செய்வதில் பிள்ளைகளுக்கு நல்ல வேலை இருக்கிறது. வறுத்து ஆறிய வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்து, முறத்தில் போட்டு வாசலில் நின்று புடைத்தால் சிவப்புத் தோல் பறந்துபோகும், பருப்பு தங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்காவிட்டால் தோல் முழுவதும் நம் தலையில். பாகு காய்ச்சுவது உங்கள் வேலை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது கெட்டியானதும் தட்டில் போட்டால் 'டங்' என்று ஒலிக்க வேண்டும். அப்போதுதான் மிட்டாய் பல்லில் ஒட்டாமல் மொறுமொறுவென்று உடையும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுக்கடலை வேண்டாம், பொடித்துப் போட்டு உருண்டை பிடியுங்கள்.

ஐஸ் கேட்டால் சேமியா பால் ஐஸ். அரை லிட்டர் பாலில் வறுத்த சேமியா இரண்டு ஸ்பூன், ருசிக்குச் சர்க்கரை, ஏலக்காய். காய்ச்சி ஆறவைத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நடுவில் ஒரு ஸ்பூனைச் செருகி இரவு ஃபிரீசரில் வையுங்கள். காலையில் டம்ளரைத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து ஸ்பூனைச் சுழற்றினால் கழன்றுவரும். எந்த ஐஸ் செய்தாலும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். தண்ணீர் உறைவதால் கிருமி சாவதில்லை.

தர்பூசணி வாங்கினால் விதையைத் துப்பி ஒரு கிண்ணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கழுவிக் காயவைத்து உப்புத்தண்ணீர் தெளித்து வறுத்தால் கொறிக்க ஆகும். தோலுக்கு உட்புறத்து வெள்ளைச் சதை கூட்டுக்கு ஆகும்.

சிரட்டை, தீக்குச்சி, நிழல்

ஒரே அளவான இரண்டு தேங்காய்ச் சிரட்டை, ஒரு நேரான கம்பு, கொஞ்சம் சணல். கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு நடுவில் தூக்கினால் தராசு. எடைக்கல்லுக்குக் கடையில் வாங்கிய, பிரிக்காத 100 கிராம் பாக்கெட் ஒன்று போதும். அதை ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் மணலைக் கொட்டி நிறுத்தால் 100 கிராம் மணல். அந்த மணலையே இரண்டு தட்டிலும் சமமாகப் பிரித்தால் ஐம்பது ஐம்பது. மறுபடி பிரித்தால் இருபத்தைந்து. சின்னச் சின்னத் துணி மூட்டையாகக் கட்டிவிட்டால் எடைக்கல் தயார், மளிகைக்கடை ஆட்டம் தொடங்கலாம். புத்தகத்தில் பின்னக் கணக்குக்கு அழுத பிள்ளை இதில் அரை, கால், முக்கால் எல்லாம் தானே சொல்லும்.

குப்பையில் போகிற பொருளிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் வேலையை வாழ்நாள் பணியாகச் செய்தவர் அரவிந்த் குப்தா. 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் காட்டியதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும். மருந்தைச் சுரண்டிய குச்சிகளைச் சிறு துண்டு டியூபால் இணைத்துச் சதுரம் செய்து அழுத்திப் பாருங்கள், சரிந்து கோணலாகும். முக்கோணம் செய்து அழுத்துங்கள், அசையாது. பாலத்திலும் செல்போன் கோபுரத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று அதற்குப்பின் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய சைக்கிள் கடையில் ஒரு முழ டியூப் கிடைத்தால் ஒரு வாரம் ஓடும்.

காசே வேண்டாத ஒன்று நிழல். நம் ஊர்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாள் ஏப்ரலில் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் அந்த மாதத்தின் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, கடைசி வாரத்தில் சென்னையைத் தொடும். அன்று உச்சிவேளையில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதன்பின் மே, ஜூன் மாதங்களில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. உச்சிவேளை நிழல் தெற்கே விழும். வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் வடக்கே விழுந்து பழகிய நிழல் இது. மணல் நிரப்பிய பாட்டிலை மாடியில் நிறுத்தி, பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன்னும் பின்னுமாகச் சாக்பீஸால் நிழல் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். மிகக் குட்டையான நிழல் காட்டும் கோடுதான் வடக்கு–தெற்கு. செருப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு இரண்டிரண்டு நிமிடம் போய்வந்தால் போதும்.

பெரியவர்கள் வேலைக்குப் போகும் வீட்டில்

மேலே சொன்னதில் பாதிக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பாட்டியோ பெரிய பிள்ளையோதான் பகலில் இருப்பார்கள். அந்த வீடுகளுக்கு அடுப்பும் கத்தியும் இல்லாத தின்பண்டம் மட்டும். கெட்டி அவலைப் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, நீங்கள் பொடித்து வைத்துவிட்டுப் போன வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு வேளைப் பசிக்குத் தாங்கும். பொரியில் பொட்டுக்கடலையும், காலையிலேயே நறுக்கி வைத்த வெங்காயமும் கேரட்டும் போட்டு எலுமிச்சை பிழிந்தால் மசாலாப் பொரி. வெள்ளரிப் பிஞ்சு, உப்பு மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, முந்தின இரவு வேகவைத்து ஃபிரிஜ்ஜில் வைத்த சுண்டல் இருக்கவே இருக்கின்றன. மண்பானைத் தண்ணீரைக் கைக்கெட்டும் உயரத்தில் வையுங்கள். பசிக்கும்போது என்ன எடுக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் போனால் நடுப்பகலில் உங்களுக்கு வரும் போன் குறையும்.

செய்வதற்கும் ஏதாவது ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள், ஒன்றே ஒன்று. ஒரு நாள் கழுவிக் காய்ந்த புளியங்கொட்டை, ஒரு நாள் தீக்குச்சியும் டியூபும், ஒரு நாள் சிரட்டையும் சணலும். எல்லாவற்றையும் முதல் நாளே காட்டிவிட்டால் மூன்றாம் நாள் கைகள் செல்போனைத்தான் தேடும். மாலையில் வீடு திரும்பியதும் பையை இறக்கிவைத்துவிட்டு, என்ன செய்திருக்கிறார்கள் என்று முதலில் போய்ப் பாருங்கள். தராசு கோணலாக இருந்தாலும் அதில் ஏதாவது நிறுத்துத் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் அரை மணி நேரம் தள்ளிப்போகலாம்.